இருபது செக்கன்

பீல் நகரில் கைக்கடிகாரப் பட்டறையாய் இருந்த கூடம்.
இப்போது அதில் நாடகம்.
வாசலில் நிற்பவள் ஒவ்வொருவரிடமும் சொல்வாள்:
"ஃபோனை அணைக்க வேண்டாம், தயவுசெய்து.
சத்தத்தை மட்டும் குறையுங்கள்.
இன்றிரவு அது உங்களுக்குத் தேவைப்படும்."

நூற்று எண்பது கதிரை. ஒவ்வொன்றின் முதுகிலும்
கறுப்பு வெள்ளையில் ஒரு சதுரப் புள்ளிக்கோலம்.
கமெராவைக் காட்டினால்
யாரும் நீதிபதி ஆகலாம்.

நான் தஞ்சம் கேட்பவள்.
பாத்திரத்துக்குப் பெயரில்லை, கோப்பு இலக்கம் உண்டு: 417.
நிஜத்தில் பிறந்தது லாங்கெந்தால் ஆஸ்பத்திரியில்.
மலிவு விமானத்தில் தவிர
ஒரு கடலும் கடந்ததில்லை.
ஆனாலும் முப்பத்தோராம் கேள்வியில்
ஒவ்வொரு இரவும் என் நாக்கு உலரும்.

"உங்களை ஏற்றிப்போன வாகனம் என்ன நிறம்?"
நீலம், என்பேன்.
ஒன்பதாம் கேள்விக்கு வெள்ளை என்றிருப்பேன்.
பிழை என்னுடையதல்ல, பிரதியில் அப்படி.
அனியெஸ் எழுதும்போது
வேண்டுமென்றே சோற்றில் வைத்த கல்.

பிறகு திரையில் இரண்டு மொழியில் எழும்:
இவளை நம்புகிறீர்களா?
'யா', 'வுய்' என்று அது காட்டும். எனக்குள் அது 'ஓம்'.
இருபது செக்கன்.
கூடம் இருளும். முழங்கால் உயரத்தில்
நூற்று எண்பது சின்ன வெளிச்சங்கள்
தாடைகளைக் கீழிருந்து பூசும்.
ஒரு கண்ணும் என் பக்கம் இராது.
பெருவிரல்கள் மட்டும்.

வெள்ளிக்கிழமை அறுபத்தொரு வீதம் ஓம்.
ஞாயிறு மத்தியானம், கேக்கும் கோப்பியும் முடித்து வருபவர்கள்,
நாற்பத்தெட்டு.
ஓமென்றால் எனக்கு ஒரு கதிரை தருவார்கள்.
இல்லையென்றால் ஒரு பை.
இரண்டு முடிவும் எனக்கு மனப்பாடம்.

சர்வர் மேசையில் ரேத்தோ கணக்கு வைத்திருக்கிறான்:
மழை பெய்தால் குறையுமாம்.
நான் இருமினால் நாலு வீதம் கூடுமாம்.
சொன்ன நாளிலிருந்து நான் இருமுவதில்லை.
தப்பித்தவறி இருமல் வந்தாலும்
அது யாருடைய இருமல் என்று தெரிவதில்லை.

மார்ச் பதினாலு, வைஃபை விழுந்தது.
திரையில் ஒரு வட்டம்
தன் வாலைத் தானே துரத்திக்கொண்டிருந்தது.
ரேத்தோ மேடைக்கு வந்தான், சப்பாத்தில்லாமல், காலுறையோடு.
"மன்னிக்கவும். கையைத் தூக்குவோமா?"
விளக்குகளைப் போட்டார்கள்.

ஓமுக்குக் கைகள் எழுந்தன,
பக்கத்துக் கையைப் பார்த்து, முழங்கை வரை,
பிறகு முழுதாய்,
விடை தெரிந்ததாய் நடிக்கும் பள்ளிப் பிள்ளைகள் போல.
கிட்டத்தட்ட எல்லோரும்.
எண்ணவே தேவையில்லை என்றான் ரேத்தோ.
"இல்லை?" என்று கேட்டான், முறைக்கு.

மூன்றாம் வரிசையில் ஒரு கை.
பச்சைக் கம்பளிச் சட்டை, அறுபது வயதிருக்கும்,
மோதிர விரலில் பிளாஸ்டர்.
மனைவி தன் மடியைப் பார்த்தாள்.
அவர் என்னைப் பார்த்தார்.
கை நடுங்கியது. இறக்கவில்லை.

இருபத்திரண்டு காட்சிகளில்
ஆயிரத்து எழுநூறு பேராவது என்னை நம்பவில்லை.
அவர்களில் ஒருவரையும் நான் கண்டதில்லை.
"ஏன்?" என்றேன். பிரதியில் இல்லாத சொல்.
"வெள்ளையும் நீலமும்," என்றார் பிரெஞ்சில்.
"அவ்வளவுதான். எனக்கும் இது பிடிக்கவில்லை."

இருட்டாக இருந்தது, என்றேன்.
அதுவும் பிரதியில் இல்லை.
எண்பத்தொன்பதில் பேர்னில் ஒரு மேசைக்கு முன்
அப்பா சொல்ல மறந்ததோ,
சொல்லியும் யாரும் எழுதாமல் விட்டதோ.
வீட்டில் அவர் வாகனங்களைப் பற்றிப் பேசமாட்டார்.

அந்தக் கை கொஞ்ச நேரம் காற்றில் நின்று யோசித்தது.
இறங்கியது.
ஓமென்று மறுபடி எழவுமில்லை.
கதிரை கொடுத்தார்கள். உட்கார்ந்தேன்.
அதன் ஒரு கால் கட்டை என்பதை அன்றுதான் கவனித்தேன்.

மறுநாள் புது ரவுட்டர். ஐம்பத்தொன்பது வீதம்.
மூன்றாம் வரிசையில் ஒரு வெளிச்சம் மட்டும்
இருபது செக்கனும் தாண்டி
எதையும் அழுத்தாமல் எரிந்தது.
வேறு யாரோவாய் இருக்கும்.
தொண்டை அரித்தது.
இருமவில்லை.